ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

அதிராம்பட்டினம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் வேலை செய்கிறேன். குளத்துச் சேற்றில் சிப்பி காலைக் கிழிக்கிறது என்று பெண்கள் நாங்கள் பலமுறை கேட்டபின், பூட்ஸோடு சேர்ந்து நெஞ்சு வரை வரும் ரப்பர் உடுப்பு வாங்கித் தந்தார்கள். கால் அளவை ஆண்களிடம் மட்டுமே கேட்டிருந்தார்கள். என் கால் ஐந்து நம்பர். கைக்கு வந்தது ஒன்பது.

"பெருசா இருக்கு சார்" என்றேன்.

"புள்ளைங்களுக்கு ஸ்கூல் ஷூவ பெருசா வாங்கி துணி அடைக்கிறதில்லையா? அது மாதிரி போட்டுக்கம்மா" என்றார் மேனேஜர்.

பிள்ளைகளுக்குக் கால் வளரும். எனக்கு இனிமேலா வளரப் போகிறது? ஆனாலும் வேலை போய்விடுமே என்று பழைய புடவையைக் கிழித்து அடைத்தேன். நீளமாக இருந்த தோள்வார்களையும் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

நடுக்குளத்தில் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொண்டது. கால் மட்டும் உள்ளே வழுக்க, குப்புற விழுந்தேன். உடுப்புக்குள் தண்ணீர் நிறைந்து கனத்தது. எழவும் முடியவில்லை, முடிச்சை அவிழ்க்கவும் முடியவில்லை. கூட வேலை செய்த செல்வி அக்காதான் என் கொண்டையைப் பிடித்துத் தலையைத் தூக்கி, வலைக்கயிறு அறுக்கும் கத்தியால் வாரை அறுத்துவிட்டார்.

கரையில் நான் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்த மேனேஜர் அக்காவிடம் கேட்டார்: "புது உடுப்ப ஏம்மா அறுத்தீங்க?"

இப்போதெல்லாம் எந்த உடுப்பைக் கொடுத்தாலும் கரையிலேயே போட்டு நடந்து, உட்கார்ந்து எழுந்து பார்க்கிறேன். குதிகால் வழுக்கினால் அங்கேயே கழற்றிப் போட்டுவிடுகிறேன்.

"ரொம்பப் பேசுற" என்கிறார் மேனேஜர். பேசுவதற்காவது உயிரோடு இருக்கிறேன்.