சோதினை இல்லாத வகுப்பு

துன்னாலைக் கனகாம்பிகையை வகுப்புக்கு இழுத்து வந்தது கணினி ஆசை இல்லை, நெல்லியடிச் சந்தியில் ஒட்டியிருந்த ஓர் அறிவித்தலின் கடைசி வரிதான். 'அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவசக் கணினி வகுப்பு. சனிக்கிழமை காலை. பரீட்சை இல்லை' என்று சமுதாயக் கல்லூரிக்காரர் போட்டிருந்தார்கள். அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் அவர் சைக்கிளை விட்டு இறங்கி இரண்டு தரம் வாசித்தாராம்.

காரணம் இருந்தது. பத்தாம் வகுப்புச் சோதினையை மூன்று தரம் எடுத்து மூன்று தரமும் கோட்டை விட்டவர் அவர். எங்கள் பக்கத்தில் இது சின்னக் குற்றமில்லை. ஆளை வெட்டினவனைக்கூட நாலு வருடத்தில் மறந்துவிடுவோம், கணக்கில் பெயிலானவளை மறக்கமாட்டோம். கல்யாணம் பேசும்போது அதைச் சொன்னார்கள். பிள்ளை பிறந்தபோது, தாயைப்போல வராவிட்டால் சரி என்றார்கள். புருசன் செத்தபிறகு அவர் தனியே நின்று வெங்காயத் தோட்டம் செய்தார், கொடிகாமம் சந்தைவரை கொண்டுபோய் விற்றார், மூன்று பிள்ளைகளையும் பல்கலைக்கழகம்வரை படிப்பித்தார். அப்போது ஊர் என்ன சொன்னது? தகப்பன் வழி மூளை என்றது.

வகுப்பில் நாங்கள் பத்தொன்பது பேர். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவன் நான். இளைப்பாறிய அதிபர் இராசநாயகம், இளைப்பாறிய வங்கி முகாமையாளர் ஒருவர், இளைப்பாறிய கணக்கு ரீச்சர் குணலட்சுமி என்று மற்றவர்களும் அப்படித்தான். இளைப்பாறாத ஆள் கனகாம்பிகை மட்டும். முதல்நாள்கூடத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

படிப்பித்தவள் றொசாந்தி என்ற இருபத்தாறு வயதுப் பிள்ளை. முதல்நாள் எங்கள் பெயரைத் தமிழில் அடிக்கச் சொன்னாள். கனகாம்பிகை அடித்து முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. முடித்ததும் பயந்து பயந்து நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் புள்ளி போடவில்லை. றொசாந்தி கை தட்டிவிட்டு அடுத்த கதிரைக்குப் போனாள். அறுபத்தேழு வயதில் கனகாம்பிகைக்குப் படிப்புப் பிடித்துப்போனது.

எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை. மூன்றாம் சனிக்கிழமை இராசநாயகம் எழும்பினார்.

"பிள்ளை, சோதினை எப்ப?"

"சோதினை இல்லை ஐயா. முடிவிலை எல்லாருக்கும் சேட்டிபிக்கற் குடுப்பம்."

"எல்லாருக்குமோ?"

"ஓம் ஐயா."

"எல்லாருக்கும் குடுக்கிறதை என்னெண்டு பிள்ளை சுவரிலை கொழுவுறது?"

நியாயமான கேள்வி என்று எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த கிழமையே மூன்று பக்கத்தில், ஆங்கிலத்தில், ஒரு மனு தயாரானது. சோதினை வேண்டும், முதலாம் இரண்டாம் இடம் வேண்டும், கடந்தகால வினாத்தாள்கள் வேண்டும். வகுப்பே அந்த வருடம்தான் தொடங்கியது, கடந்தகாலத்துக்கு எங்கே போவது என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினெட்டுப் பேர் கையெழுத்து வைத்தோம். என் கை கச்சேரியில் பழகிய கை, தாளை நீட்டினால் தானாகவே வைத்துவிடும்.

கனகாம்பிகை மட்டும் பேனையை வாங்கவில்லை. "எனக்கு வேண்டாம் சேர். சோதினை இல்லையெண்டபடியாத்தான் நான் வந்தனான்" என்றார். இராசநாயகம் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பத்தாம் வகுப்புக்கே திரும்பிப் போயிருப்பார்.

கல்லூரி மரியாதையாக மறுத்துவிட்டது. அதற்கெல்லாம் சளைக்கிற ஆளா இராசநாயகம்? சோதினையை நாங்களே வைப்போம் என்று அறிவித்தார். சோதினை என்றால் ரியூசன் வேண்டுமே! அவருடைய கார்க் கொட்டிலில் ரியூசன் தொடங்கியது, சனிக்கிழமை காலையில், வகுப்பு நடக்கிற அதே நேரத்தில். கொட்டிலில் கரும்பலகை இருந்தது, உட்கார வாங்கு இருந்தது, கணினி மட்டும் இல்லை. கணினி இருந்தால் கவனம் சிதறும் என்றார் அதிபர். நாங்கள் மவுஸின் படத்தைக் கொப்பியில் கீறிப் பாகங்களைக் குறித்தோம். வங்கி முகாமையாளர் எங்கிருந்தோ ஒரு நோட்ஸ் எடுத்து, எங்களுக்குக் காட்டாமல் சேட்டுக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தார். எனக்கு அதை நினைத்து இரண்டு நாள் நித்திரை வரவில்லை.

இப்படியாக வகுப்பில் மிஞ்சியது கனகாம்பிகை ஒருத்தர்தான். ஒரு ரீச்சருக்கு ஒரு மாணவி. கடிதம் அடிக்க, கட்டம் போட, படத்தை அனுப்ப எல்லாம் பழகினார். பழகிக்கொண்டிருக்கும்போதே றொசாந்தி விசயத்தைச் சொன்னாள். ஒரு மாதத்துக்குப் பத்துப் பேருக்குக் குறைவாக வந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள், இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது.

கனகாம்பிகை நேரே கொட்டிலுக்கு வந்தார். வாழ்க்கையிலே ஒன்றையும் கேட்டு வந்த ஆள் இல்லை அவர். சைக்கிள் கைபிடியை விடாமல் வாசலில் நின்றே கேட்டார்.

"சேர், வாற சனி ஒருக்கா வந்து இருந்திட்டுப் போங்கோ. ஒம்பது பேர் வந்தால் காணும். இல்லாட்டி வகுப்பை மூடிப் போடுவினம்."

இராசநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கதைக்கிறீர் பிள்ளை? அடுத்த மாதம் சோதினை. இந்த நேரத்திலை போய் வகுப்புக்கு வரச் சொல்லுறீர்!"

குணலட்சுமி ரீச்சர் கொப்பியால் முகத்தை மறைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கனகாம்பிகை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். வகுப்பை மூடினார்கள். றொசாந்தி யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக் கடைக்கு வேலைக்குப் போனாள்.

சோதினை சிறப்பாக நடந்தது. வினாத்தாள் தயாரித்தவர் இராசநாயகம், திருத்தியவர் இராசநாயகம், தொண்ணூற்றாறு எடுத்து முதலாவதாக வந்தவரும் அவரே. மிச்ச நாலு புள்ளியையும் தன்னடக்கத்துக்காக விட்டிருப்பார். குணலட்சுமி ரீச்சர் ஒரு புள்ளிக்காக மீள்திருத்தம் கேட்டு அழுதார். எனக்கு அறுபத்திரண்டு.

பரிசளிப்புக்கு முதல்நாள்தான் சிக்கல் வந்தது. பெறுபேறு கையெழுத்தில் இருந்தது. அதை அச்சில் ஒட்டாவிட்டால் என்ன மரியாதை? யார் அடிப்பது என்று பதினெட்டுக் கணினிப் பட்டதாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மவுஸைக் கீறச் சொன்னால் கீறியிருப்போம். கடைசியில் தாளை என் கையில் தந்து துன்னாலைக்கு அனுப்பினார்கள்.

கனகாம்பிகை வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு, மகள் கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போன மடிக்கணினியைத் திறந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கட்டம் போட்டு, இடம், பெயர், புள்ளி என்று விறுவிறென்று அடித்தார். பதினெட்டுப் பெயரும் முடிந்தன. பத்தொன்பதாவது வரியை இராசநாயகம் தன் குண்டு எழுத்தில் எழுதியிருந்தார்: கனகாம்பிகை, வரவில்லை.

விரல்கள் நின்றன.

"அண்ணை, நான் எங்கை வரேல்லை?"

நான் அந்த வரியைக் கையால் மறைத்தேன். "உதை விடுங்கோ தங்கச்சி, அடிக்க வேண்டாம்" என்றேன்.

"இல்லை. சேர் எழுதினபடி அடிப்பம்" என்று அதையும் அடித்தார். பிறகு அவரே என் முகத்தைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும். கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். "இருங்கோ அண்ணை. கட்டம் போடுறது லேசு. காட்டுறன், அஞ்சு நிமிசம் காணும்."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். "பிறகு வாறன் தங்கச்சி. நாளைக்குப் பரிசளிப்பு, வேட்டி மினுக்க வேணும்" என்று எழும்பினேன்.

இன்னும் போகவில்லை.