பச்சை என்று சொன்னவர்

மருமகள் வாங்கி வந்த சொட்டு மருந்துப் புட்டியைப் பார்த்ததும் மாமனார் பயந்துபோனார். வெளியே வந்தது என்னவோ கோபம்தான்.

"தண்ணி பார்க்க மீட்டர் வாங்கிட்டு வான்னா மருந்து வாங்கிட்டு வந்து நிக்கிறே?"

"மீட்டரைத் தொட்டிக்குள்ள போட்டது யாரு மாமா? நானா, மீனுங்களா?"

நீலப் பீப்பாய்களை அறுத்து மொட்டைமாடியில் அவள் கட்டிய தோட்டம் அது. தொட்டியில் ஜிலேபி மீன்கள். அவற்றின் கழிவு கலந்த தண்ணீர் மோட்டாரில் ஏறி, ஜல்லிக்கற்களில் வேர்விட்ட கீரைக்குப் போகும். கற்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் கழிவை உரமாக்கும். தெளிந்த தண்ணீர் மீனுக்கே திரும்பும். ஆனால் நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்யத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிப்பேறும். அதைச் சொல்லும் எண்தான் பிஎச். புளிப்பு ஏற ஏற எண் இறங்கும்; ஏழுக்குக் கீழே போனால் சிப்பித்தூள் மூட்டையைத் தொங்கவிட வேண்டும். நிதானமாக மேலே வரும்.

அவளுக்குச் சலவை நிலையத்தில் பகல் ஷிப்டு. ஆகவே பிஎச் பார்ப்பது அவர் பொறுப்பு. மீட்டரில் எண் வந்தவரை ஒரு குறையும் வைக்கவில்லை. இனி கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட வேண்டுமாம். பச்சை வந்தால் நல்லது, மஞ்சள் வந்தால் புளிப்பு.

அவருக்குப் பச்சையும் மஞ்சளும் ஒன்றுதான். பிறவிக் குறை. இரண்டுமே காய்ந்த வைக்கோலாகத்தான் தெரியும்.

இது செத்துப்போன மனைவிக்கும் தெரியாது. தொழிற்சாலையில் அவர் ஒயர்மேன். நிறம் தெரியாத ஒயர்மேனை எவன் வைத்துக்கொள்வான்? ஒவ்வொரு ஒயரையும் நுனியிலிருந்து நுனிவரை டெஸ்டர் வைத்துப் பார்த்து, நூலால் முடிச்சுப் போட்டு அடையாளம் வைப்பார். "முடிச்சு அண்ணன் வர்றாருப்பா, இன்னிக்கு வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்று கிண்டல் செய்தவர்களே, பொறுப்பான ஆள் என்றும் சொன்னார்கள். அந்தப் பேரோடுதான் ஓய்வு பெற்றார்.

கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் எங்கே முடிச்சுப் போடுவது? மீட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் விடமாட்டாள், தோண்டித் துருவுவாள்.

"என்ன மாமா, இன்னிக்கு?"

"பச்சை."

"நேத்தும் பச்சை, முந்தாநாளும் பச்சையா?"

"தண்ணிய நல்லா வெச்சிருந்தா பச்சையாத்தான் இருக்கும். நம்பிக்கை இல்லேன்னா லீவு போட்டுட்டு நீயே பாரு."

வேலை விட்டு வரும்போது இருட்டிவிடும்; லீவு நாளிலும் ஓவர்டைம். நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை. மாதங்கள் ஓடின. கீரை வெளுத்ததும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் பகல் வெளிச்சத்தில் மாடிக்கு ஏறிச் சொட்டு விட்டுப் பார்த்தவள் போட்ட கூச்சலில் அவர் மகன் ஓடிவந்தான்.

"எலுமிச்சம்பழமாட்டம் மஞ்சள்! இதைப் போய்ப் பச்சைங்கிறாரு உங்கப்பா!"

ஒரு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்தாள். அவருக்குப் பதறியது. புளிப்பு ஏறி நுண்ணுயிர்கள் ஓய்ந்திருக்கும்; கழிவு அப்படியே தேங்கியிருக்கும். புளிப்பு இருக்கும்வரை அது மீனை அவ்வளவாகத் தீண்டாது. ஒரே மூச்சில் புளிப்பை முறித்தால் அத்தனையும் விஷமாகிவிடும்.

"ஒரேயடியா ஊத்தாதேம்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்."

"நீங்க வாயத் திறக்காதீங்க."

பச்சை பச்சை என்று புளுகிய வாய்க்கு இனி என்ன மதிப்பு? வாளி கவிழ்ந்தது. குழாயில் சொட்டு விட்டுப் பார்த்தாள். அருமையான பச்சை என்றாள். விடிந்தபோது மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

அவள் அழவில்லை. கூடையில் அள்ளிப் போட்டபடியே பேசினாள்.

"குஞ்சுலேர்ந்து வளர்த்தேன். பொழுதுக்கும் சும்மா இருக்கிற மனுஷன், ஒரு குழாயப் பார்க்க வலிக்குதா?"

மகன் கொஞ்சம் தணிவாகத்தான் கேட்டான். "அப்பா, உண்மையச் சொல்லுங்க. பார்த்தீங்களா, இல்லையா? கண்ணு ஏதாவது சரியாத் தெரியலியா?"

சொல்லிவிடலாம். இப்போது வேலை போகாது, பென்ஷனும் நிற்காது. ஆனால் அந்தக் குரலில் இரக்கம் இருந்தது. அவர் அத்தனை வருடம் பயந்தது வேலைக்கா, இந்த இரக்கத்துக்கா? அவருக்கே விளங்கவில்லை.

"கண்ணுக்கு என்ன கேடு? மஞ்சள்னு தெரிஞ்சுதான் பச்சைன்னேன்."

மருமகளின் கை நின்றது. "ஏன்?"

"உன் மீன்தானே."

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் எழுந்து மாடிக்கதவைக் காட்டினாள். "இனிமே இந்தப் பக்கம் உங்க காலடி படக்கூடாது."

"யாருக்கு வேணும் உன் மாடி?"

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழ்வீட்டுக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். "காலங்காத்தால மேல என்ன சண்டை?"

"மருமக வளர்த்த மீனையெல்லாம் நான் கொன்னுட்டேன்" என்றார் அவர், தலையைக் குனியாமல்.