எண்ணெய்க்குப் பதில் பொரி: நெய்வேலி ஏரியில் ஒரு ஒத்திகை

கடலில் கொட்டும் எண்ணெயைத் தடுக்கப் பழகுவதற்காக, கடலை விட்டு நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நெய்வேலிக்குப் போனோம் என்றால் சிரிப்பீர்கள். எங்கள் ஊரிலும் சிரித்தார்கள். ஆனாலும் போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் கிளம்பிப் போய் வந்துவிட்டோம். உங்கள் கடற்கரையிலும் யாராவது இப்படி ஒரு யோசனையோடு இருந்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம் எனக்கு. அங்கேயே பிறந்து வளர்ந்தும் படகில் ஏறினால் குமட்டுகிற ஒரே ஆள் நான்தான். அதனால் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்துக்கொண்டு, பஸ் போகிற இடங்களுக்கு மட்டும் ஊர் சுற்றி இந்த வலைப்பூவை எழுதி வருகிறேன்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில், எங்கோ தொலைவில் நின்ற ஒரு கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் எங்கள் பக்கம் ஒதுங்கியது. கடலில் கிடந்ததை அலை சிதறடித்தது. மணலில் ஒட்டியதை ஆட்கள் வந்து மூட்டை மூட்டையாக அள்ளிப் போனார்கள். கழிமுகம் வழியாக உப்பங்கழிக்குள் போனதுதான் போகவே இல்லை. சேற்றில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. என் பெரியம்மா மகள் அஞ்சலை அக்கா அந்தக் கழியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். அவளுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. அந்தச் சேறு தெளியும் வரை பல மாதம் வெளியூருக்கு இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். எண்ணெய் வருகிறது என்று தெரிந்த அன்று ஊரே கடலுக்குள் ஓடியது, போட்டிருந்த வலையைத் தூக்க. அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் கழிமுகத்தை அடைக்க ஒருவரும் நிற்கவில்லை.

எதை வைத்து அடைப்பது என்ற கேள்விக்குத்தான் தமிழ்மணி வந்தான். என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன், நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு ஜாயிண்ட் போடும் காண்ட்ராக்ட் வேலை, வீடு நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில். பழைய இரும்புக் கடையில் வாங்கிய பெல்ட் துண்டுகளை ஒட்டி, மேலே மூடி அடைத்த பிளாஸ்டிக் குழாய்களையும் கீழே சங்கிலியையும் கோத்து, நாற்பது அடி நீளத்துக்கு ஒரு மிதவை வேலி செய்திருந்தான். குழாய் மிதக்கும்; ரப்பர் தண்ணீருக்குள் திரை போல் தொங்கும்; எண்ணெய் மேலாக மிதப்பதால் அதைத் தாண்டாது. முதலில் செய்தது உள்ளே இரும்புக் கம்பி வைத்த பெல்ட் என்பதால், கிணற்றில் போட்டுப் பார்த்தபோது கனம் தாங்காமல் நேராக அடிக்குப் போய்விட்டதாம். இது துணி வைத்த பெல்ட்.

வேலி இருந்தால் போதாது, அதைப் பிடிக்க ஆள் வேண்டும். அதற்கு ஊர்த் தலைவர் வைத்தி மாமா ஒப்புக்கொள்ள வேண்டும். "அலையில்லாத தண்ணில மொதல்ல இழுத்துக் காட்டுங்கடா, அப்பறம் பாக்கலாம்" என்றார். எங்கள் கழியிலேயே சோதித்துச் சொதப்பினால் ஊர் முழுக்கச் சிரிக்கும் என்பதால் வடக்குத்துப் பக்கம் ஒரு ஏரியைத் தமிழ்மணி பேசி வைத்தான். சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வந்து சேருவதால் சித்திரையிலும் அது நிரம்பியே கிடக்கும்.

காலை ஆறே காலுக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் ஏறினோம். நான், அக்கா, வைத்தி மாமா, நான்கு படகுக்காரர்கள். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் அக்கா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, திரும்ப எண்ண வந்துச்சின்னா மொதல்ல எங்க போவீங்க?"

"வலயத் தூக்கத்தான் போவணும். அப்பறம் வந்து கழியப் பாக்கலாம்."

"அப்பறம் வந்தா கழி எங்க இருக்கும்?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏழரைக்கு வடலூரில் இறங்கி இரண்டு பெரிய மூட்டை பொரி வாங்கினோம். ஏரியில் நிஜ எண்ணெயை ஊற்றிப் பழகுவது மகா பாவம், சட்டப்படியும் தப்பு. பொரி மிதக்கும், காற்றடித்தால் நகரும், கண்ணுக்குத் தெரியும். கடைக்காரர் "என்னங்க விசேஷம்?" என்றார். "எண்ணெய்ங்க" என்று ஒரு படகுக்காரர் சொல்ல, அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அங்கிருந்து நெய்வேலி ஆர்ச் கேட் பத்து கிலோமீட்டருக்குள்தான். தமிழ்மணிக்கு நைட் ஷிப்ட் முடிந்திருந்தது; டவுன்ஷிப்புக்குள் ஒரு பிளாக்கின் டீக்கடையில் காத்திருப்பதாகச் சொன்னான். இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எல்லா ரோடும் நேராக இருக்கும், எல்லா ரோட்டிலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். பிளாக் நம்பரைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நடுக்கடலில் நட்சத்திரம் பார்த்துக் கரை சேருகிற நான்கு பேர், பொரி மூட்டையோடு ஒரே பிள்ளையார் கோயிலை மூன்று முறை கடந்தார்கள். கடைசியில் சைக்கிளில் போன ஒரு அம்மா, "எந்த ஊருங்க நீங்க? எதுத்த பிளாக்குங்க அது" என்று கொண்டுபோய் விட்டார்.

ஏரிக்குப் போனபோது ஒன்பதரை. தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. வேலியை விரித்து, ஒவ்வொரு முனைக் கயிற்றையும் இரண்டிரண்டு பேர் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். வேலியை வளைத்துப் பொரியைக் கரைக்கு ஓட்டிவர வேண்டும், அவ்வளவுதான். "மெதுவா நடந்தா போதுங்க. வேகமா இழுத்தா எண்ண கீழால பூந்து போயிடும்" என்று தமிழ்மணி படித்துப் படித்துச் சொன்னான். நால்வரும் தலையாட்டினார்கள். முதல் மூட்டையைக் கொட்டினேன். வெள்ளை வெளேரென்று ஏரி பூத்துவிட்டது.

முதல் பத்தடி அருமையாக வந்தது. அப்புறம் பொரியைத் தின்ன மீன் மேலே வந்தது. ஒன்றல்ல, கூட்டமாக. ஜிலேபிக் கெண்டைகள் வேலிக்குள் பளபளவென்று துள்ள ஆரம்பித்தன.

அதோடு போயிற்று எல்லாம். நான்கு பேருக்கும் முகமே மாறிவிட்டது. கயிற்றைத் தோளில் போட்டு, குனிந்து, மூச்சைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் சங்கிலியைக் காலால் வாரி வேலியின் அடியைத் தூக்குகிறார், மீன் கீழே தப்பாமலிருக்க. கரையில் நின்ற வைத்தி மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியே அதிரக் கத்துகிறார்: "வுடாத! சுருக்க இழு! அந்தாண்ட போவுது பாரு, மடக்கு, மடக்கு!" தமிழ்மணி "மெதுவா, மெதுவா" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.

வேலி கரைக்கு வந்தபோது அதில் ஏழெட்டு மீன் இருந்தது. பொரி முழுவதும் அடிவழியாகப் புகுந்து, வேலிக்குப் பின்னால் ஏரி நடுவில் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எண்ணெயை விட்டுவிட்டு மீனைப் பிடித்து வந்த பெருமை எங்கள் ஊருக்கு மட்டும்தான் கிடைக்கும். படகுக்காரர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாகூட ஒரு மீனைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை.

"மீனப் பாத்ததும் எல்லாத்தையும் வுட்டுட்டீங்க இல்ல? அன்னிக்கும் இதத்தானே பண்ணீங்க. நீங்க வலய இழுத்துகினு இருந்தீங்க, எங் கழிக்குள்ள எண்ண போய்கினு இருந்துச்சி." மாமா கையிலிருந்த மீனைக் காட்டினாள். "அந்தக் கழியிலதான் மாமா ஒங்க மீனு குஞ்சு பொரிக்குது. அது செத்துப் போச்சின்னா அப்பறம் எந்த வலயத் தூக்குவீங்க?"

எனக்குச் சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாமா கையிலிருந்த மீனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டார். மற்றவர்களும் விட்டார்கள்.

"ரெண்டாவது மூட்டயக் கொட்டுடா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டுத் தாமே தண்ணீரில் இறங்கினார். ஒருவரை வெளியேற்றி அந்தக் கயிற்றை வாங்கிக்கொண்டார். "இந்தா பாருங்கடா, இது வலயில்ல. வல மாதிரி இழுத்தா கெட்டுச்சி. நம்ம ஊரு தேரு இழுப்போம் பாரு, அந்த மாதிரி. ஒரு அடி வெச்சி நில்லு. வடம் தளராம இருக்கணும், அவ்ளோதான்."

தேர் என்றதும் கால்கள் தாமாகவே மெதுவாகிவிட்டன. ஒரு அடி, ஒரு நிறுத்தம். மீன் மறுபடி வந்தது. முன்னைவிட அதிகம். ஒரு பெரிய கெண்டை மாமாவின் நெஞ்சில் மோதித் துள்ளிப் போனது. பக்கத்திலிருந்தவரின் கை அனிச்சையாக நீண்டது. "பாக்காத! அந்தாண்டப் பாரு!" என்று மாமா அதட்டினார். அவர் அதட்டியது தம்மையும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். சாமியே நேரில் வருவதுபோல் கரையில் நாங்கள் கைகட்டி நின்றோம்.

அரை மணி நேரம் ஆயிற்று. மீன் தின்றது போக மிச்சப் பொரி மொத்தமும் கரையோரம் ஒரு மூலையில் வந்து சேர்ந்தது. அக்கா முறத்தால் அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டாள். தமிழ்மணி தூக்கமில்லாத கண்ணோடு "பர்மனென்ட் ஆனாக்கூட இவ்ளோ சந்தோசப்பட மாட்டேன்டா" என்று என்னைக் கட்டிப் பிடித்தான். முதல் மூட்டையிலிருந்து தப்பிய பொரியையும் இன்னொரு தேர் இழுத்து அள்ளிவிட்டுத்தான் கிளம்பினோம்.

மதியம் வடலூர். சத்திய ஞான சபைக்குள் புலாலும் உயிர்க்கொலையும் தவிர்த்தவர்கள் மட்டும் வரலாம் என்பது விதி. எங்கள் ஆட்கள் வெளியிலேயே நின்று கும்பிட்டார்கள். "காலையில ஏழெட்டு உசிர வுட்டமே, அதுக்கு உள்ள வுட மாட்டாங்களா?" என்று ஒருவர் கேட்க, மாமா முறைத்தார். தருமச்சாலையில் சாப்பாட்டுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் இலை உண்டு. சாம்பார் சோறு நன்றாக இருந்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடலூரிலிருந்து வடலூருக்குப் பஸ் நிறைய உண்டு, எனக்கு டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய் ஆயிற்று. வேலியைக் கொண்டுவர ஒரு மினி வேன் பேசிவிடுங்கள். கண்டக்டரிடம் கெஞ்சி நாங்கள் பட்டபாடு போதும். எந்த ஏரியானாலும் பஞ்சாயத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். பொரிக்குப் பதில் உமி எடுத்துப் போனால் மீன் தின்னாது. ஆனால் உங்கள் ஆட்கள் மீனவர்கள் என்றால் பொரியே எடுத்துப் போங்கள், அதுதான் சரியான பரீட்சை. நிஜமாகவே எண்ணெய் வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். உடனே தகவல் சொல்லிவிட்டு, அள்ளும் வேலையைக் கருவியோடு வருகிறவர்களிடம் விடுங்கள். அவர்கள் வந்து சேரும் வரை அது உள்ளே நுழையாமல் பிடித்து நிறுத்துவதுதான் ஊரின் வேலை.

திரும்பும் பஸ்ஸில் வேலியும் எங்களோடு வந்தது. ஊர் வந்ததும் வேலியைச் சுருட்டி வலைக்கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். அதை ஓரமாகச் சுவரில் சாய்க்கப் போனவர்களை மாமா நிறுத்தினார். எல்லாருடைய வலையும் குவிந்து கிடக்கிற மேடையைக் காட்டி, "அதும் மேல போடு" என்றார்.

"வலய எடுக்கணும்னா இத நவுத்தணுமே மாமா?"

"ஆமா. இதத் தூக்காம ஒருத்தனும் வலயத் தொடக் கூடாது. எண்ண வர்ற அன்னிக்கி இத எடுத்தவன் கழிக்குப் போவட்டும், மத்தவன் கடலுக்குப் போவட்டும். மொதோ நாளு எடுக்கறவன் நானு."

வேலி இன்றுவரை அங்கேதான் கிடக்கிறது. தினமும் விடியற்காலையில் யாராவது அதைத் திட்டிக்கொண்டே தூக்கி நகர்த்துகிறார்கள். கழிக்குப் போகிற வழியில் அக்கா அந்தத் திட்டைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறாள்.