ஒற்றை வாசல்

பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து அறை வெடித்தபோது என் மனைவியின் வலது கை வெந்துபோனது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். சில நாட்களிலேயே ஒட்டிய தோல் கறுக்கத் தொடங்கியது.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் படுக்கவைத்து அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுத்துப் பார்க்கலாம், ரத்தம் சரியாக எட்டாத சதைக்கும் அது போய்ச் சேரும், தோல் பிடித்தாலும் பிடிக்கும் என்றார். பிடிக்காவிட்டால் விரல்களை எடுக்க வேண்டியதுதான். மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

நர்ஸ் அவள் தலையிலிருந்த எண்ணெயைக் கழுவி, கொண்டை ஊசிகளை உருவி, நைலான் சேலையை மாற்றிப் பருத்தி அங்கி போட்டுவிட்டாள்.

"எங்க போர்மேன் தோத்தாரு போங்க. அவரும் நைலானைக் கண்டா வாசலோட திருப்பி அனுப்பிருவாரு" என்று சிரித்தாள் என் மனைவி.

"உள்ள முழுக்க ஆக்சிஜன்க்கா. சின்னப் பொறி பட்டாலும் ஆபத்து. அதான் இம்புட்டு பாக்குறோம்."

சிரிப்பு போய்விட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கன ரூமுக்கு நாலு வாசல். அப்படியிருந்தும் வெடிச்ச ரூம்ல இருந்தவளுக ஒருத்தியும் வெளிய வரல. இதுல ஒத்த வாசல். நான் தட்டினா உடனே திறப்பீகளா?"

நர்ஸ் பொய் சொல்லவில்லை. "உடனே முடியாதுக்கா. காத்தை மெதுவா இறக்கித்தான் திறக்கணும்."

கெஞ்சிப் பார்த்தேன். திருநீறு பூசிவிடக் கை போனது. அதுவும் கூடாதென்று நர்ஸ் தடுத்தாள். வேறு வழி தெரியாமல், "விரல் போயிரும் புள்ள" என்று சொல்லிவிட்டேன். அதுவரை யாரும் அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு தானாகவே படுத்தாள்.

"இங்கனயே நில்லுங்க. சாமி கும்பிடுறேன்னு கண்ணை மூடிராதீக."

கதவை மூடினார்கள். காற்று ஏற ஏற, காது அடைத்து முகம் சுளித்தாள். எச்சிலை முழுங்கச் சொல்லி நர்ஸ் மைக்கில் சொன்னாள். அவளோடு சேர்ந்து நானும் முழுங்கினேன்.

கண்ணை மூடித்தான் எனக்கு அம்மனைக் கூப்பிட்டுப் பழக்கம். திறந்த கண்ணுக்கு அம்மன் முகம் வரவே இல்லை. கண்ணாடிக்குள் இவள் முகம்தான் இருந்தது. தினமும் சொல்லும் பாட்டு பாதியில் நின்றுவிட்டது. ஆத்தா, விரலை விட்டுரு என்று மட்டும் முனகிக்கொண்டு, கண்ணீரைக்கூடத் துடைக்காமல் நின்றேன்.

பல நாள் அப்படிப் போனது. சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுக்கத்தான் வேண்டியிருந்தது. மற்ற மூன்றையும் ஆத்தா விட்டுவைத்தாள்.