ஒரு கிளிப் குறைகிறது

டெல்லி பாலம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள போர் விமான மியூசியத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழைய விமானங்களில் பிள்ளைகளை ஏற்றி உட்காரவைத்தார்கள். ஜனக்புரியிலிருந்து என் மகளைக் கூட்டிப் போயிருந்தேன்.

ஒரு விமானத்தின் ஏணியடியில் அவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற மெக்கானிக். இஸ்திரி கலையாத நீல ஓவரால், நரைத்த கிருதா. ஏறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கழன்று விழக்கூடியதையெல்லாம் இந்தியில் எண்ணுவார். இறங்கும்போது மறுபடியும் எண்ணுவார். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"பாப்பாவுக்கு ரெண்டு கிளிப், ஒரு கண்ணாடி. ஏறலாம்."

மகள் இறங்கியபோது தலையில் ஒரு கிளிப்தான் இருந்தது. அவர் வரிசையை நிறுத்திவிட்டார்.

"விடுங்க சார், வேற வாங்கிக்கலாம்" என்றேன்.

"உங்களுக்கு வேற கிளிப் கிடைச்சிடும். இது போய் உள்ளே கம்பியில சிக்கிக்கிட்டா ஓட்டுறவர் கதி என்ன?"

"இது பறந்தே இருபது வருஷம் இருக்குமே சார்."

"அது எனக்குத் தெரியும். விமானத்துக்குத் தெரியாதே."

வரிசையில் யாரோ "பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். மெக்கானிக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. டார்ச்சோடு ஏறி, கால் மட்டும் வெளியே தெரிய இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்துத் தேடி, பத்து நிமிடம் கழித்து மஞ்சள் கிளிப்போடு இறங்கினார். அதை மகளிடம் கொடுத்துவிட்டு நாலடி பின்னால் போனார். ஆளில்லாத விமானி இருக்கையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மகள் சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நானும் ஓரடி தள்ளி நின்றேன்.