கரைக்குத் திரும்பிய இலை

எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் அது போய்க்கொண்டிருக்கிற ஒன்று. முல்லையாற்றில் எதை விட்டாலும் அது அடுத்த ஊர்க்காரன் கண்ணுக்குப் போய்விடும். அமாவாசைக்குச் சுருளி அருவியில் எள்ளும் தண்ணீரும் விடுகிறவர்கள், இலையை ஓடுகிற தண்ணீரில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேறுவார்கள். திரும்பிப் பார்த்தாலும் அங்கே ஒன்றும் இருக்காது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நானும் என் அக்காவும் ராமேஸ்வரத்துக்குப் போனோம்.

போன காரியம் இதுதான். அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், ஏலத்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்குப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கம்பத்தில் ஜீப் ஏறினார். திரும்பவில்லை. போன் ஒரு நாள் அடித்தது, பிறகு அணைந்தே கிடந்தது. கட்டப்பனை, நெடுங்கண்டம், தொடுபுழை வரைக்கும் தேடினோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. அக்கா திராட்சைத் தோட்டத்தில் கவாத்துக்கும் குலை வெட்டுக்கும் போய் மகளைப் படிக்க வைத்தாள்.

காணாமல் போனவருக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கலாம், அதற்கு மேல் காரியம் செய்துவிட வேண்டும் என்று எங்கள் பக்கம் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு முடிகிற வருஷத்திலேயே அக்கா மகளுக்குக் கல்யாணமும் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு உத்தமபாளையம். நல்ல மனிதர்கள். பத்திரிகை அடிக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்கு வந்தார். காபி ஆறுகிற வரைக்கும் வேறு பேச்சுப் பேசிவிட்டுத்தான் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீக மதினி. பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடணுமா, வேணாமா? எங்க பங்காளிக கேக்குறாக. இருக்காகன்னா இருக்காக, இல்லன்னா இல்ல. ரெண்டுக்கும் நடுவுல அச்சடிக்க முடியாதுல்ல."

அக்கா டம்ளர்களை எடுத்து வைத்தாள். அவள் கழுத்தில் தாலி இருந்தது. மகள் கல்யாணத்தில் அவள் சுமங்கலியாக நிற்பதா, இல்லையா என்பதுதான் கேள்வி. சொந்தக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். சுருளியில் செய்தால் பள்ளத்தாக்கே வேடிக்கை பார்க்கும். ராமேஸ்வரத்தில் போய்க் காரியத்தை முடித்து, தாலியையும் அந்தக் கடலிலேயே விட்டுவிட்டு வந்துவிடட்டும். மகன் இல்லாததால் இலையைப் பிடிக்க நான் வர வேண்டும்.

நான் அப்போது ஆந்திராவில் போர்வெல் வண்டியில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏலத்தோட்டம், லாரி, குமுளியில் சபரிமலை சீசனுக்கு நேந்திரங்காய் வறுவல் என்று எதிலும் ரொம்ப நாள் தங்கியதில்லை. போர்வெல்லில் கம்பி வடத்தில் மாட்டி வலது கை மோதிர விரலின் நுனி போயிற்று. அதற்கும் ஒரு வாரம்தான் படுத்தேன். எந்த ஊரில் டீக்கடையில் உட்கார்ந்தாலும் முதலில் முகங்களைத்தான் பார்ப்பேன். மச்சானுக்குக் காது கொஞ்சம் விரிந்திருக்கும். அந்தக் காதைத் தேடுவது கூலி இல்லாத வேலையாக என்னோடு எல்லா ஊருக்கும் வந்தது.

மதுரையிலிருந்து ரயில். அக்கா அதுவரைக்கும் கடல் பார்த்ததில்லை. பாம்பன் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் தண்ணீர். சத்தமும் குறைந்து, வண்டி தண்ணீரின் மேலேயே மிதந்து போவதுபோல இருந்தது. பெட்டியில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ஏலே, இது ஓடுதா, நிக்குதா?"

"எது அக்கா? ரயிலா?"

"தண்ணிடா."

"நிக்குது."

"அப்ப வைகை டேம் மாதிரின்னு சொல்லு."

"டேம்ல அக்கரை தெரியுமேக்கா."

அவள் கொஞ்ச நேரம் அக்கரையைத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டுச் சும்மா பார்த்தாள். அவள் எதையும் சும்மா பார்த்து நான் அறிந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் அக்னி தீர்த்தத்துக்குப் போனோம். அது கோயிலுக்கு நேர் கிழக்கே இருக்கிற கடல்தான். பேரைக் கேட்டுப் பெரிய அலையை எதிர்பார்த்திருந்தேன். எண்ணெய் ஊற்றி வைத்ததுபோலக் கிடந்தது, கரையோரம் மட்டும் விரல் உயரத்துக்கு அலை. தூரத்தில் படகுகள் வானத்திலா கடலிலா என்று தெரியாமல் நின்றன. சேலையோடும் வேட்டியோடும் முங்கி எழுகிற ஆட்கள், பல பாஷைகளில் மந்திரம், அவர்களுக்கு நடுவே இலைக்காகக் காத்து நிற்கிற மாடுகள். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோலத் தெரிந்தது.

எங்களுக்கு அமைந்த ஐயர் என்னைவிட இளையவர். இடுப்பில் செல்போன் செருகியிருந்தார்.

"இறந்த திதி என்ன?"

"தெரியாது சாமி. வீட்டை விட்டுப் போன நாள்தான் தெரியும்" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. அப்படி நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். தர்ப்பையை மடித்து, கை கால் வருகிற மாதிரி முடிச்சுப் போட்டு, ஒரு ஆளைச் செய்து வாழையிலையில் படுக்க வைத்தார். அக்கா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக இம்புட்டு ஒல்லி இல்ல சாமி" என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இன்னும் நாலு புல்லைச் சேர்த்துக் கட்டினார்.

என் விரலில் அவர் போட்ட தர்ப்பை மோதிரம் நுனியில்லாத விரலில் நிற்காமல் கழன்று கழன்று விழுந்தது. மூன்றாவது தடவை நூல் சுற்றிக் கட்டிவிட்டார். பேர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். மாவு உருண்டைகளை இலையில் அந்தப் புல் ஆளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கொண்டுபோய்க் கடல்ல விட்டுட்டு முங்கிட்டு வாங்க. அப்புறம் அம்மா கழுத்துல உள்ளதைக் கழட்டலாம்" என்றார்.

"நானும் பிடிக்கிறேன்" என்று அக்கா இலையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாக முழங்கால் தண்ணீர் வரைக்கும் போனோம். எங்கள் ஆற்றில் முழங்கால் தண்ணீர் தாராளம், அதற்கு மேல் போனால் நம்மையும் சேர்த்துக் கொண்டுபோகும். இலையைத் தண்ணீரில் வைத்தோம். அது மிதந்தது. அப்படியே திரும்பினோம். சுருளியில் செய்கிற மாதிரியே, திரும்பிப் பார்க்காமல், ஆளுக்கு மூன்று முழுக்குப் போட்டுவிட்டுக் கரையோரம் வந்தோம்.

ஈரச் சேலையோடு அக்கா நின்றாள். இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோனாள். மஞ்சள் கயிறு நனைந்து இறுகியிருந்தது. முடிச்சை நகத்தால் நெம்பினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அவள் கை நின்றுவிட்டது தெரிந்து திரும்பினேன். அக்கா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் தண்ணீரில் அவள் காலை ஒட்டி எங்கள் இலை வந்து நின்றிருந்தது. உருண்டைகள் பாதி கரைந்துவிட்டன. புல் ஆள் அப்படியே படுத்திருந்தார்.

ஐயர் வந்து பார்த்தார். "எந்த ஊரு நீங்க?"

"தேனிப் பக்கம்."

"அதான். ஆத்துல விடுற மாதிரி விட்டுட்டு வந்திருக்கீங்க. ஆறுன்னா அது இழுத்துட்டுப் போயிடும். இங்க நாமதான் உள்ள போய், இலையோட முங்கி, மண்ணுல அமுக்கி விடணும். தப்பில்ல. எடுத்துட்டுப் போய் இன்னொரு தடவை விடுங்க."

நான் குனிவதற்குள் அக்கா இலையை எடுத்துவிட்டாள்.

"குடுக்கா. நான் மட்டும் போய் அமுக்கிட்டு வாறேன்."

"வேணாம்டா."

"அலை தள்ளிட்டு வந்துருக்குக்கா. வேற ஒண்ணும் இல்ல."

"எனக்குக் கண்ணு இல்லையா? அலைதான் தள்ளுச்சு. அவுக வந்தாகன்னா சொன்னேன்?"

"பெறகு என்ன?"

அவள் கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை. திராட்சைக் கொடியில் எந்தக் கணுவில் வெட்ட வேண்டும் என்று யோசிக்கிற முகம்தான் இருந்தது.

"ஒரு தடவ விடுறதுக்குத்தான் கைய பழக்கி வச்சுருந்தேன். விட்டுட்டேன். அவுகள அமுக்குறதுக்கு எனக்குக் கை வராது. நீ அமுக்குறத பாத்துக்கிட்டு நிக்கவும் வராது."

அடுத்த குடும்பம் காத்திருந்தது. "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்மா. உங்க இஷ்டம்" என்று ஐயர் நகர்ந்தார்.

ஒரு செவலை மாடு எங்கள் பக்கம் வந்தது. அக்கா உருண்டைகளை அதற்கு நீட்டினாள். அது இலையையும் சேர்த்துத் தின்றது. புல் ஆளை மட்டும் அவள் கையில் வைத்துக்கொண்டு, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கால் போயிற்று, கை போயிற்று. கடைசியில் வெறும் புல். அதை மணலில் வைத்துவிட்டுச் சேலையைப் பிழிந்தாள். கை திரும்பவும் பிடரிக்குப் போகவில்லை.

ஊருக்குப் போய்ப் பங்காளிகளிடம் என்ன சொல்வது என்ற யோசனைதான் எனக்கு. பாதிக் காரியம் என்று ஒன்று உண்டா? போன் அடித்தது. உத்தமபாளையத்து நம்பர். எடுக்காமல் விட்டேன்.

கோயிலுக்குள் கிணறு கிணறாகப் போனோம். வாளிக்காரர்கள் கிணற்று மேட்டில் ஏறி நின்று இறைத்துத் தலையில் ஊற்றினார்கள். ஒரு கிணற்றுத் தண்ணீர் சில்லென்றிருக்கும், பக்கத்துக் கிணற்றில் வெதுவெதுப்பு. ஒன்றில் உப்பு, ஒன்றில் நம் ஊர் ருசி. கணக்கு எனக்குத் தப்பிவிட்டது. பிரகாரம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் தூண்கள், தூரத்தில் சிறுத்துக்கொண்டே போய் ஒரு வெளிச்சப் புள்ளியில் சேர்ந்தன. தரையெல்லாம் ஈரம். தூண்கள் தரைக்குள்ளும் தலைகீழாக நின்றன. முன்னே போன ஆட்களின் பாதத் தடங்களில் அக்கா நடந்தாள், அவள் தடத்தில் நான் நடந்தேன். நாங்கள் நடக்கிறோமா, தூண்கள்தான் எங்களைக் கடந்து போகின்றனவா என்று ஒரு கட்டத்தில் தெரியவில்லை. உடை மாற்றிச் சாமி பார்த்தபோது அக்கா எதுவும் வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, பாலத்தில் கடலைப் பார்த்த மாதிரியே பார்த்தாள்.

சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் வாய் ஓயாதவர். ராமர் பாதம் இருக்கிற மேட்டுக்கு ஏற்றிப் போய்த் தீவு முழுவதையும் காட்டினார். பனையும் உடைமரமும், சுற்றி நீலமும். வில்லூண்டியில் கடலுக்குள் ஒரு கிணறு. ராமர் வில்லை ஊன்றிய இடத்தில் ஊறுகிற நல்ல தண்ணீர் என்றார்கள். அக்கா ஒரு மடக்குக் குடித்தாள்.

"எப்பிடிம்மா இருக்கு? தேனு மாதிரி இருக்குமே" என்றார் ஆட்டோக்காரர்.

"லேசாக் கரிக்குது. குடிக்கலாம்."

"நீங்க ஒரு ஆளுதான்மா இங்க உண்மையச் சொன்னது."

அக்கா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

தனுஷ்கோடி முனையில் இறங்கினோம். ரோடு அங்கே முடிந்துபோகிறது. இடது கைப் பக்கம் ஒரு கடல், குளம்போல. வலது கைப் பக்கம் இன்னொரு கடல், கத்திக்கொண்டு. நடுவே மணல் நாக்குமாதிரி நீண்டு போய்த் தண்ணீருக்குள் இறங்கியது. காற்றில் மணல் கணுக்கால் உயரத்துக்குப் புகையாக ஓடியது. நின்று பார்த்தால் நாம்தான் நகர்கிறோம் என்று தோன்றும். அக்கா மணலில் உட்கார்ந்தாள். நான் என்ன யோசிக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"போன் எத்தன தடவ அடிச்சுச்சு?"

"நெறைய."

"போடு. நான் பேசுறேன்."

காற்றில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டுக் கையால் பொத்திப் பிடித்தேன். மாப்பிள்ளையின் அம்மாதான் எடுத்தார்.

"மதினி, முடிஞ்சுதா?"

"இலைய விட்டுட்டேன் மதினி. கழுத்துல இருக்கிறத விடல."

அக்கா நிறுத்தாமல் பேசினாள்.

"அவுக இருக்காகன்னு நான் சொல்லல. இல்லன்னும் என் கையால செய்ய முடியல. பத்திரிகைல பேர மட்டும் போடுங்க. முன்னால ஒண்ணும் வேணாம். பங்காளிக கேட்டாக்க என்கிட்ட அனுப்பி விடுங்க. அதுக்குச் சம்மதம் இல்லன்னா இப்பவே சொல்லிருங்க, சங்கடப்படாதீக. எம் பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பிள்ளையின் கல்யாணம் என் உள்ளங்கையில் இருப்பதுபோல இருந்தது.

"அச்சாபீஸ்காரன் சாயங்காலம் வருவான். பேர மட்டும் போடச் சொல்றேன்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடைல அப்பா எடத்துல ஆரு நிப்பாக?"

"தாய்மாமன் நிப்பான்."

"உங்க தம்பியா? அவுகதான் ஒரு எடத்துல நிக்க மாட்டாகளே மதினி."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிப்பான். எங்க போனாலும் சொல்லிட்டுப் போற ஆளு அவன்."

"சரி மதினி. வெயில்ல நிக்காதீக" என்று அவர் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை வண்டிக்கு வந்துவிடுவதாக ஆந்திராவுக்குச் சொல்லியிருந்தேன். அங்கேயே நின்று மேஸ்திரிக்குப் போன் போட்டேன். கல்யாணம் முடியாமல் வரமாட்டேன் என்றேன். அப்படியானால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அக்கா எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். கத்துகிற கடலின் பக்கம் போய்க் காலை நனைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.