நான் சேர்த்து எழுதிய வரி

நான் கதை எழுதுகிறவன் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மனு எழுதுகிறவன் என்றால் அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி வரைக்கும் தெரியும். அது யுத்த காலம், காகிதத்துக்குக் கட்டுப்பாடு. என் ஒரே புத்தகத்தின் விற்காத பிரதிகளைப் பதிப்பாளர் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிட்டு, இனி எதையும் எழுதி அனுப்ப வேண்டாம் என்று ஒரு கார்டும் போட்டிருந்தார். பத்திரிகைக்காரர்களோ கதைக்குச் சன்மானமாக அந்த இதழையே அனுப்புவார்கள். அதை உலையில் போட்டுக் காய்ச்சவா முடியும்? வேறு வழியில்லாமல் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே, சைக்கிள் கடைத் தாழ்வாரத்தில், சாய்வு மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். எந்த ஊர் ஸ்டேஷன் என்பதை மட்டும் சொல்லப் போவதில்லை.

அந்தக் கரிசல்காட்டில் வெட்டுக்குத்துக்குக் குறைவில்லை. ஆடு பருத்தியில் வாய் வைத்தால் அரிவாள், வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் வேல்கம்பு. மண்டை உடைந்தவர்கள் முதலில் என்னிடம் வருவார்கள், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். மேசையில் ரத்தம் சொட்டும். நான் மைக்கூட்டை மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டு, "ம், சொல்லு" என்பேன். அவர்கள் சொல்வது மூன்று வரி தேறாது. மூன்று வரி மனுவை ஸ்டேஷனில் யார் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்? அதனால் நான் சேர்ப்பேன். ஒருவன் 'ஏய்' என்று அதட்டியிருந்தால் என் மனுவில் கொலைவெறியோடு கூச்சலிடுவான். அடித்தவன் ஒருவன் என்றால் பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள். எதிராளி வீட்டு ஆண்பிள்ளைகளில் ஒருவரையும் விடாமல் எழுதினால்தான் எங்கள் பக்கத்தில் புகார் கொடுத்த திருப்தியே வரும். என் மனுவைப் படித்தால் கையில் ரத்தம் ஒட்டுகிறது என்று சப் இன்ஸ்பெக்டர் ஒருமுறை சொன்னார். என் கதைகளைப் பற்றி எந்தப் பயலும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாசி மாதத்துக் காலையில், பரளச்சிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் வந்தார். தோளிலும் விலாவிலும் வெட்டு. துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தார்.

"ஆரு வெட்டுனது?"

"பக்கத்துப் புஞ்சைக்காரன்யா. அவன் ஆடு என் பருத்தியில மேஞ்சது. பத்திவிட்டேன். அருவாளத் தூக்கிட்டு வந்துட்டான்."

"கூட ஆரு?"

"ஒத்தை ஆளுதான்யா."

எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வெட்டு விழும்வரை இந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார்? படிக்கிறவன் கேட்க மாட்டானா? "அவன் வீட்டுல வேற ஆம்பளையே இல்லையா?" என்றேன்.

"மச்சினன் ஒருத்தன் வந்திருக்கான். மல்லாங்கிணத்துக்காரன், கெணறு வெட்டுற ஆளு. ஆனா அவன் அங்கன இல்லையே."

"இருந்தான்னு வையும்."

"அவுகளும் நாளைக்கு எங்க வீட்டுல ஒருத்தர் விடாம எழுதத்தான போறாக. போடுங்க" என்றார்.

எழுதினேன். 'மேற்படியானின் மச்சினன் என் இரு கைகளையும் பின்புறமாக முறுக்கி, திமிற விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ள...' அந்த இடத்தில் நிறுத்தி, அடுத்த வரியில் அரிவாளை இறக்கினேன். இரண்டு தடவை படித்துப் பார்த்து எனக்குள் சந்தோஷப்பட்டேன். சம்சாரி கைநாட்டு வைத்தார்.

மறுநாள் காலையில் இருவரையும் விலங்கு மாட்டி இழுத்து வந்தார்கள். வெட்டியவன் உடனே ஒப்புக்கொண்டான். அவனுக்கு நாலு அறையோடு சரி. மச்சினன்தான், "சாமி சத்தியமா நான் அங்கன இல்ல" என்று கத்திக்கொண்டே இருந்தான். ஏட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. அவனை ஸ்டேஷன் வாசலில் மண்டியிட வைத்து, இரண்டு கைகளையும் கல்படிமேல் நீட்டச் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்கள் அவன் மணிக்கட்டுகளை பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டார்கள். ஏட்டு ஒரு கையில் என் மனுவும் மறு கையில் லத்தியுமாக நின்றார்.

"இரு கைகளையும் பின்புறமாக முறுக்கி... ஏலே, எந்தக் கை? இதா?" அடி விழுந்தது. "திமிற விடாமல்... இதா?" மறுபடி அடி. "இறுக்கிப் பிடித்துக்கொள்ள..."

என் எழுத்தை ஒருவர் உரக்க வாசித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏட்டு நன்றாகவே வாசித்தார், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. விரல் எலும்பு ஒடிகிற சத்தம் ரோட்டைத் தாண்டிக் கேட்டது, காய்ந்த பருத்திமார்க் குச்சியை ஒடிப்பதுபோல. சைக்கிள் கடைக்காரர் பம்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எழுந்து ஓடினேன்.

"ஏட்டையா, அந்த வரி நான் சேத்தது. இவன் அங்க இல்ல."

ஏட்டு என் கன்னத்தில் பளீரென்று ஒரு அறை விட்டார். "எதுத்தாப்புல ஒக்காந்து பொழைக்கணுமா, வேணாமா?" என்றார். நான் திரும்பி வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மீதி அடிகளையும் அங்கிருந்தே கேட்டேன். என்ன மனுஷன் நான்! இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் என்னை நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் அந்த மச்சினனின் மனைவி வந்தாள்.

"ஐயா, கல்லும் கரையுற மாதிரி எழுதுவீகளாம். எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு ரெட்டியபட்டியில கெணத்துக்குள்ள கெடந்தாரு. வேலை குடுத்த தோட்டக்காரரு போலீசுக்குப் பயந்துக்கிட்டு சாட்சிக்கு வரமாட்டேங்காரு. வெரலெல்லாம் ஒடிஞ்சு கெடக்கு. லாக்கப்புல நான்தான் சோத்த ஊட்டிவிட்டேன். இதோட செயிலுக்கும் அனுப்பிட்டா ஆளு பொழைக்கமாட்டாருய்யா."

நான் பேனாவை எடுத்தேன். எழுத ஓடவில்லை. கீழே வைத்துவிட்டு, "அவன் கையைப் பிடிச்சான்னு எழுதினதே நான்தான்" என்றேன்.

"என்னத்துக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கும்னு."

அவள் மேசையை உதைத்துத் தள்ளினாள். மைக்கூடு என் மடியில் கவிழ்ந்தது. என் தலைமயிரைப் பிடித்து இழுத்து முகத்தைச் சுவரில் மோதினாள். இரண்டு தடவை. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். சைக்கிள் கடைக்காரர் விலக்க வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மூச்சு வாங்க நின்றவள், கீழே கிடந்த தாளை எடுத்து என் மேல் எறிந்தாள்.

"எழுது. பொய்யாச் சேத்தது நான்தான்னு எழுதி உன் பேரப் போடு. மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட நானே கொண்டுபோயிக் குடுக்கேன்."

எழுதினேன். உதட்டு ரத்தம் தாளில் விழ விழ, ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் எழுதினேன். அடியில் பெயர் போடும் இடம் வந்தது. பொய்ப் புகார் எழுதியவனை உள்ளே தள்ளுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எதிரே ஏட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரை அச்சில் பார்ப்பதற்காக எத்தனை ஊருக்குத் தபால் போட்டு ஏங்கியவன் நான். அந்தத் தாளில், ஊரிலேயே இல்லாத ஒருவன் பெயரை எழுதினேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அடிச்சத மனசுல வச்சுக்கிடாதீக" என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்தாள்.

சற்று நேரத்தில் கோர்ட்டு டவாலி வந்து என்னைக் கூட்டிப்போனான். மாஜிஸ்ட்ரேட் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தார்.

"இந்தப் பெயரில் இங்கே மனு எழுதுகிறவன் யார்?"

"அப்படி யாரும் இல்லீங்க."

"அப்படியானால் இதை எழுதியது?"

"நான்தாங்க. இந்தம்மா சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன்."

அவர் தாளை நாலாகக் கிழித்துப் போட்டார். டவாலி அவள் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினான். அவள் படிக்கட்டில் உருண்டு விழுந்தாள். அவள் புருஷனுக்கு ஜெயில் தண்டனை கிடைத்ததும், அவன் விரல்கள் அப்புறம் கடப்பாரையைப் பிடிக்கவே இல்லை என்பதும் பின்னால் நான் கேள்விப்பட்டவை. அன்று நான் வெளியே வந்தபோது அவள் முழங்காலில் மண்ணோடு எழுந்து நின்றாள். அடிப்பாள் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் அடிக்கவில்லை.

"ஐயா, அந்தத் தாளுல உங்க பேரு இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.